தானே அமையும் அச்செல்லை: ஏற்காட்டு வானிலை வரைபடத்தை வைத்து ஒரு செய்முறை

ஏற்காட்டில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் வெப்பநிலை, மழை, வெளிச்சம் ஆகிய மூன்றையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றை அமைத்து, அதன் தரவைக் கீழே சேலத்தில் இருப்பவர்களும் கைப்பேசியில் பார்க்கும்படி வரைபடமாக்கித் தருகிறேன். விரலால் நகர்த்தவும் ஜூம் செய்யவும் கூடிய இத்தகைய வரைபடங்களில் எக்ஸ், ஒய் அச்சுகள் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை மென்பொருளே முடிவு செய்துகொள்கிறது. பெரும்பாலான நாள்களில் அந்த முடிவு சரியாகவே இருக்கும். தவறும் நாளில், தரவு சரியாக இருந்தும் பார்ப்பவர் தவறான செய்தியைப் பெற்றுச் செல்வார். ஆகவே அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, நமக்கு உறுதியாகத் தெரிந்த பக்கத்தை மட்டும் நாம் சொல்லி, மற்றதை மென்பொருளிடமே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ப்ளாட்லி என்னும் வரைபட மென்பொருள் நூலகம். ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் அமைப்புகளின் பெயர்கள் ஒன்றேதான். அவற்றை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். ப்ளாட்லியின் இந்தப் பெயர்களைக் குறியீட்டில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும்.

மென்பொருள் எல்லையை எப்படிக் கணிக்கிறது

எல்லை எதையும் நாம் தராவிட்டால் 'ஆட்டோரேஞ்ச்' என்னும் அமைப்பு 'ட்ரூ' என்றே இருக்கும். அப்போது ப்ளாட்லி தரவின் மிகச் சிறிய மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும் கண்டுபிடித்து, இரு பக்கமும் அச்சின் நீளத்தில் சுமார் 5 விழுக்காடு இடம் விட்டு அச்சை அமைக்கிறது. கோடு மட்டும் வரைந்தால் எக்ஸ் அச்சில் இந்த இடைவெளி கிடையாது. கோடு ஓரத்தைத் தொட்டு நிற்கும். கோட்டோடு புள்ளிகளையும் சேர்த்தால், ஓரத்துப் புள்ளி பாதியாக வெட்டுப்படாமல் இருக்க அங்கும் இடம் விடப்படும். பட்டை வரைபடமாக இருந்தால் பூச்சியம் தானாகவே உள்ளே வந்துவிடும். அதை யாரும் மாற்றாமல் இருப்பதே நன்று, ஏனெனில் பட்டையின் நீளமே அதன் மதிப்பு.

'ரேஞ்ச்' என்று இரண்டு எண்களை நாம் கொடுத்த கணமே ஆட்டோரேஞ்ச் அணைந்துவிடும். புதிதாகப் பழகுபவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒரு நாள் தரவைப் பார்த்து 14 முதல் 26 வரை என்று எல்லையை எழுதி வைத்துவிட்டுப் போனால், அடுத்த மாதம் 28 டிகிரி வரும்போது கோடு வரைபடத்தின் மேல் விளிம்பைத் தாண்டி மறைந்துவிடும்; எச்சரிக்கை எதுவும் வராது.

ஒரு பக்கம் மட்டும் தெரியுமானால்

மழையளவுக்குப் பூச்சியத்துக்குக் கீழே பொருள் இல்லை. ஆனால் மழையைப் புள்ளிகளாக வரைந்தால், மழையில்லா நாள்களின் பூச்சியப் புள்ளிக்கும் கீழே இடம் விடப்பட்டு, அச்சு கழித்தல் 3 மில்லிமீட்டரில் தொடங்குவதுபோல் தோன்றும். இதற்கு 'ரேஞ்ச்மோட்' என்பதை 'நான்நெகட்டிவ்' என்று வைத்தால் போதும். அச்சு பூச்சியத்துக்குக் கீழே போகாது. 'டுஸீரோ' என்று வைத்தால் தரவு எங்கே இருந்தாலும் பூச்சியம் கட்டாயம் உள்ளே வரும். இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும், 40 முதல் 60 வரை ஓடும் தரவில் முன்னது அச்சை 40-க்கு அருகிலேயே விடும், பின்னது பூச்சியம் வரை இழுத்துவிடும்.

2023-இல் வந்த ப்ளாட்லி ஜேஎஸ் 2.26 பதிப்பிலிருந்து, எல்லையின் ஒரு முனையை மட்டும் கொடுத்து மறுமுனையை வெறுமையாக விடலாம். ஜாவாஸ்கிரிப்டில் அந்த இடத்தில் 'நல்' என்றும், பைத்தானில் 'நன்' என்றும் எழுத வேண்டும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் முதலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் பலவும் அதே பதிப்பில் வந்தவைதான்.

சேலம் மாவட்டத்தின் திறந்த கிணறுகளில் நீர்மட்டத்தைத் தரையிலிருந்து இத்தனை அடி ஆழம் என்றுதான் அளக்கிறோம். இதை அப்படியே வரைந்தால் தண்ணீர் இறங்க இறங்கக் கோடு மேலே ஏறும். கிணற்றுக்காரருக்கு அது தலைகீழாகத் தெரியும். ஆட்டோரேஞ்சை 'ரிவர்ஸ்ட்' என்றும் ரேஞ்ச்மோடை 'டுஸீரோ' என்றும் வைத்தால் தரைமட்டம் வரைபடத்தின் உச்சியில் நின்று, நீர் இறங்கும்போது கோடும் இறங்கும்.

மேட்டூர் நீர்மட்டம்: கேள்விக்கு ஏற்ற எல்லை

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. வழக்கமாக ஜூன் 12 அன்று டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கப்படும் என்பதால், அந்தத் தேதி நெருங்கும்போது நீர்மட்ட வரைபடத்தைப் பார்ப்பவர்கள் கூடிவிடுவார்கள். பத்து நாள் தரவை மட்டும் எடுத்து, மட்டம் 101.2 அடியிலிருந்து 100.6 அடிக்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தானாக அமைந்த அச்சில் இந்த அரையடிச் சொச்சம் வரைபடத்தின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை சரிந்து, அணையே வற்றிவிட்டது போன்ற தோற்றத்தைத் தரும். பூச்சியம் முதல் 120 வரை என்று கட்டிப்போட்டாலோ, கோடு அசையாமல் கிடக்கும். ஒரு நாளில் எவ்வளவு குறைந்தது என்று கேட்பவருக்கு அதில் விடை இல்லை.

இரண்டும் வேறு வேறு கேள்விகள். அணை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது கேள்வியானால், 'ஆட்டோரேஞ்ச்ஆப்ஷன்ஸ்' என்னும் அமைப்புக்குள் 'மின்அலவ்ட்' என்பதற்குப் பூச்சியமும், 'இன்க்ளூட்' என்பதற்கு 120-உம் கொடுக்கிறேன். முதலாவது அச்சின் அடியைப் பூச்சியத்தில் சரியாக நிறுத்துகிறது. இரண்டாவது, மட்டம் எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் 120 என்னும் அளவு அச்சுக்குள் இருக்கும்படி செய்கிறது. மேல்முனையை நான் பூட்டுவதில்லை. வெள்ளக் காலத்தில் மட்டம் 120-ஐச் சற்றுத் தாண்டினால் அச்சு தானாக இடம் கொடுக்கும். இன்று எவ்வளவு குறைந்தது என்பது கேள்வியானால், மட்டத்தைத் தானியங்கி அச்சில் வரைவதைவிட, நாளுக்கு நாள் ஏற்பட்ட வேறுபாட்டைக் கணக்கிட்டு அதையே பட்டையாக வரைவது நேர்மையானது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: நீர்த்தேக்கம் மேலே செல்லச் செல்ல விரிவதால், 60 அடி என்பது பாதிக் கொள்ளளவு அன்று, அதைவிட மிகக் குறைவு. அடிக் கணக்கு வரைபடம் எவ்வளவு சரியாக அமைந்தாலும் டிஎம்சிக்கு ஈடாகாது. இடம் இருந்தால் இரண்டையும் தனித்தனியே காட்டுங்கள்.

ஒரே ஒரு தவறான எண்

ஒருநாள் காலையில் தோட்டத்து மேற்பார்வையாளர் அழைத்து, "என்னங்க, ரெண்டு நாளா சூடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லைங்களே, கோடு படுத்தே கிடக்குது" என்றார். வரைபடத்தைத் திறந்து பார்த்தபோது ஒய் அச்சு கழித்தல் 127-க்கும் கீழே தொடங்கி 85-க்கும் மேலே முடிந்திருந்தது. நாங்கள் பயன்படுத்துவது டிஎஸ்18பி20 என்னும் வெப்ப உணரி. அதன் கம்பி விட்டுப்போனால், அதைப் படிக்கும் டல்லாஸ் டெம்பரேச்சர் என்னும் நிரல் நூலகம் கழித்தல் 127 என்ற எண்ணைத் தரும். மின்சாரம் போய் வந்ததும் உணரி அளவெடுக்கத் தொடங்குமுன் படித்தால் 85 என்று வரும். மழையில் இளகிய ஒரு இணைப்பு இரண்டையும் தந்துவிட்டது. அன்றைய உண்மையான வெப்பம் 15-க்கும் 24-க்கும் இடையில் ஓடியது. அந்த ஒன்பது டிகிரி, ஓர இடைவெளியும் சேர்த்துச் சுமார் 235 டிகிரி அகலமுள்ள அச்சில், 300 படப்புள்ளி உயரமுள்ள கைப்பேசி வரைபடத்தில் வெறும் 11 படப்புள்ளி அளவில் அடங்கிப்போனது.

இதற்கு இரண்டு வேலைகள் தேவை. முதலாவது தரவில்: அந்த இரு எண்களையும் வரைவதற்கு முன்பே வெறுமையாக மாற்ற வேண்டும். வெறுமையான இடத்தில் ப்ளாட்லி கோட்டை இணைக்காமல் இடைவெளி விடும். அந்த இடைவெளியே கருவி பழுதாகியிருந்ததைச் சொல்லிவிடும். 'கனெக்ட்கேப்ஸ்' என்பதை இயக்கி அதை மூடிவிடாதீர்கள். இரண்டாவது அச்சில்: ஆட்டோரேஞ்ச்ஆப்ஷன்ஸுக்குள் 'கிளிப்மின்' 5 என்றும் 'கிளிப்மேக்ஸ்' 40 என்றும் வைத்தேன். ஏற்காட்டில் வெப்பம் இந்த இரண்டுக்கும் வெளியே போக வாய்ப்பில்லை. கிளிப்மின் அச்சை 5-இல் தொடங்கச் சொல்வதில்லை. தரவு எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப அச்சு அமையட்டும், ஆனால் 5-ஐத் தாண்டிக் கீழே போக வேண்டாம் என்று மட்டும் சொல்கிறது. மின்அலவ்டையும் சேர்த்துக் கொடுத்தால் கிளிப்மின் செயல்படாது. எனவே ஒரு முனைக்கு இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அச்சுக்கு நேரடியாகவும் இதே மின்அலவ்ட் என்னும் பெயரில் வேறொரு அமைப்பு உண்டு. அது பயனர் விரலால் எவ்வளவு தூரம் நகர்த்தலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது. எந்த இடத்தில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

பக்கத்துப் பக்கத்து வரைபடங்கள்

மே மாதத்தில் சேலம் நகரத்தின் வெப்பத்தையும் ஏற்காட்டின் வெப்பத்தையும் அடுத்தடுத்த கட்டங்களில் வரைந்தால், ஒவ்வொன்றும் தன் தரவுக்கேற்ப அச்சை அமைத்துக்கொண்டு, இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒரே உருவில் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் உடம்பு உணரும் குளிர்ச்சி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இரண்டாவது கட்டத்தின் ஒய் அச்சில் 'மேட்சஸ்' என்பதற்கு 'ஒய்' என்று கொடுத்தால் இரண்டு அச்சுகளும் ஒரே எல்லையைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றில் ஜூம் செய்தால் மற்றதும் உடன் நகரும்.

வெளிச்சத்துக்கு, ஒவ்வொரு படியும் பத்து மடங்காக உயரும் மடக்கை அச்சே பொருத்தம். திறந்த வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) வரை போகும், சில்வர் ஓக் நிழலில் அதில் சிறு பங்குதான். மடக்கை அச்சில் ரேஞ்ச் என்பது பத்தின் அடுக்குகள். 100 முதல் 1,00,000 வரை வேண்டுமானால் 2, 5 என்றுதான் எழுத வேண்டும். இரவின் பூச்சியங்கள் அங்கே வரையப்படா.

ஜூம் செய்தால் ஒய் அச்சும் மாற வேண்டுமானால்

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஓராண்டுத் தரவிலிருந்து ஒரு வாரத்தை மட்டும் எக்ஸ் அச்சில் தேர்ந்தெடுத்தால், ஒய் அச்சு ஓராண்டுக்கு உரிய எல்லையிலேயே நின்றுவிடுகிறது. ப்ளாட்லியில் ஆட்டோரேஞ்ச் என்பது முழுத் தரவையும் பார்த்துக் கணிப்பது. திரையில் தெரியும் பகுதியை மட்டும் பார்ப்பதன்று. ஆகவே இதை நாமே எழுத வேண்டும்.

வரைபடத்தின் 'ரீலேஅவுட்' நிகழ்வைக் கேட்டிருந்து, எக்ஸ் அச்சு மாறும்போதெல்லாம் அதன் புதிய இரு முனைகளை எடுத்து, அவற்றுக்கிடையே விழும் மதிப்புகளில் சிறியதையும் பெரியதையும் கண்டு, சிறிது இடம் விட்டு ஒய் அச்சின் ரேஞ்சாக அனுப்ப வேண்டும். இங்கே கால் இடறும் இடங்கள் சில உள்ளன. விரலால் இழுத்தால் நிகழ்வு இரு முனைகளையும் தனித்தனிப் பெயர்களில் தருகிறது. வரைபடத்துக்குக் கீழே வைக்கக்கூடிய ரேஞ்ச்ஸ்லைடர் என்னும் நகர்த்துபட்டையை இழுத்தால் இரண்டையும் ஒரே பட்டியலாகத் தருகிறது. எனவே நிகழ்வு தருவதை நம்பாமல், வரைபடத்தின் நடப்பு அமைப்பிலிருந்தே எல்லையைப் படித்துக்கொள்வது பாதுகாப்பானது. தேதி அச்சில் முனைகள் எழுத்துச் சரமாக வரும். எண்ணாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். நாம் ஒய் அச்சை மாற்றுவதும் அதே நிகழ்வை மீண்டும் எழுப்பும் என்பதால், ஒய் மட்டும் மாறியிருந்தால் திரும்பிவிடும்படி எழுதாவிட்டால் முடிவற்ற சுழலில் சிக்கிக்கொள்வோம். தேர்ந்தெடுத்த பகுதிக்கு இரு பக்கமும் உடனடுத்து வெளியே உள்ள ஒரேயொரு புள்ளியையும் கணக்கில் சேருங்கள். அவற்றுக்குச் செல்லும் கோடு திரையின் ஓரத்தில் தெரியும். இருமுறை தட்டி முழுப் பார்வைக்குத் திரும்பும்போது ஒய் அச்சுக்கும் ஆட்டோரேஞ்சை மீண்டும் இயக்க மறக்க வேண்டாம்.

போக்கே என்னும் மற்றொரு வரைபட நூலகத்தில் இந்த உழைப்பு வேண்டியதில்லை. 'விண்டோ_ஆக்ஸிஸ்' என்பதற்கு 'எக்ஸ்' என்று கொடுத்தால் திரையில் தெரியும் தரவைக் கொண்டே ஒய் அச்சு அமையும். ஈசார்ட்ஸ் என்னும் இன்னொரு நூலகத்தில், ஜூம் செய்ய உதவும் டேட்டாஜூம் கூறின் 'ஃபில்டர்மோட்' 'ஃபில்டர்' என்று இருந்தால் இதேபோல் நடக்கும். அங்கே ஒய் அச்சு இயல்பாகவே பூச்சியத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்பதால் 'ஸ்கேல்' என்பதை 'ட்ரூ' ஆக்கவும் வேண்டும்.

தரவு வந்துகொண்டே இருக்கும்போது

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய தரவு வரும்போது ப்ளாட்லியின் 'ரியாக்ட்' என்னும் செயல்கூறு கொண்டு வரைபடத்தைப் புதுப்பித்தால், பார்ப்பவர் பெரிதாக்கி வைத்திருந்த இடம் கலைந்து பழையபடி ஆகிவிடும். வரைபடத்தின் தோற்ற அமைப்புகள் அடங்கிய லேஅவுட்டில் 'யுஐரிவிஷன்' என்பதற்கு மாறாத ஏதாவது ஒரு மதிப்பைக் கொடுத்தால் அவருடைய ஜூம் காப்பாற்றப்படும்; வேறு தோட்டத்துத் தரவுக்கு மாறும்போது மட்டும் அந்த மதிப்பை மாற்றுங்கள்.

கருவியிலிருந்து ஒன்றுமே வராத நாளையும் சோதித்துப் பாருங்கள். தரவே இல்லாத ஒய் அச்சை ப்ளாட்லி கழித்தல் 1 முதல் 4 வரை என்றும், தேதி அச்சை 2000 ஜனவரி 1 முதல் 2001 ஜனவரி 1 வரை என்றும் வரைந்துவிடும். அதைப் பார்க்கும் தோட்டக்காரர் ஏதோ பழைய கணக்கு என்று குழம்புவார். அப்படிப்பட்ட நேரத்தில் இரு அச்சுகளின் 'விசிபிள்' என்பதையும் 'ஃபால்ஸ்' ஆக்கிவிட்டு, 'இன்று தரவு வரவில்லை' என்ற ஒரு வரியைக் குறிப்புரையாகச் சேருங்கள். அக்குறிப்பு எதை வைத்து இடம் பெறுகிறது என்று சொல்லும் எக்ஸ்ரெஃப், ஒய்ரெஃப் இரண்டும் 'பேப்பர்' என்று இருக்கட்டும். இல்லாவிட்டால் அந்தக் குறிப்பும் அச்சின் எல்லைக் கணக்கில் சேர்ந்துவிடும்.