சதுரக் குழித் திருகாணி: பிட் உள்ளே நுழைந்தால் மட்டும் போதாது

கூட்டல் குறித் தலையுள்ள திருகாணிகளோடு மல்லுக்கட்டிச் சலித்தவர்கள், சதுரக் குழித் திருகாணிக்கு மாறியதும் பெருமூச்சு விடுவார்கள். இனி பிட், அதாவது மின் திருப்புளியில் (டிரைவரில்) மாட்டும் முனை, நழுவாது, பலகையில் கீறல் விழாது, ஒரு கையாலேயே திருகாணியை ஏற்றிவிடலாம். எல்லாம் உண்மைதான். அந்த நிம்மதியில்தான் கவனமும் போய்விடுகிறது. பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒருவர் செய்து முடித்த பிழையை அடுத்தவர் புதிதாகத் தொடங்குகிறார். திருகாணியைச் சாய்வாக ஏற்றக் கூடாது, பலகையின் தடிமனைவிட நீளமானதை எடுக்கக் கூடாது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. மேசையின் மேல்பக்கம் முனை எட்டிப் பார்க்கும் நாளில் அது தானாகவே விளங்கிவிடும்.

நுழைந்துவிட்டது, ஆகவே அளவு சரி என்று நினைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். மற்றவற்றை ஒரு வரியில் கடந்துவிடலாம், இதை முடியாது.

மரவேலையில் பெரும்பாலும் புழங்கும் குழி அளவுகள் நான்கு: 0, 1, 2, 3. சதுரக் குழியைப் பிரபலமாக்கிய ராபர்ட்சன் முறையில் இவற்றுக்கு நிறமும் உண்டு. 0 மஞ்சள், 1 பச்சை, 2 சிவப்பு, 3 கறுப்பு. திருகாணியின் தடிமனைக் குறிக்கும் எண் வேறு: பொதுவாக 5 முதல் 7 வரையுள்ள எண் திருகாணிகளுக்குப் பச்சை, 8 முதல் 10 வரை சிவப்பு, 12உம் அதற்கு மேலும் கறுப்பு. அலமாரி, மேசை, நாற்காலி வேலைகளில் பெரும்பகுதி சிவப்பிலேயே முடிந்துவிடும். இழுப்பறைத் தண்டவாளம், சிறிய கீல் போன்றவற்றுக்குப் பச்சை.

சிக்கல் இந்தப் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில்தான். பச்சையின் பக்க அகலம் சுமார் 2.3 மில்லிமீட்டர், சிவப்பின் அகலம் சுமார் 2.8. இடைவெளி வெறும் அரை மில்லிமீட்டர். சிவப்புக் குழிக்குள் பச்சை பிட் சிரமமில்லாமல் இறங்கும். இறங்குவதோடு நின்றால் பரவாயில்லை, திருகாணியைத் திருப்பவும் செய்யும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2.3 அகலச் சதுரத்தின் மூலைவிட்டம் 3.25 மில்லிமீட்டர். ஆகவே 2.8 அகலக் குழிக்குள் அது சும்மா சுழல முடியாது. ஏறத்தாழ 14 பாகை திரும்பியதும் அதன் நான்கு மூலைகளும் குழியின் சுவர்களில் முட்டும். அதற்கு மேல் திருகாணி சுற்றத் தொடங்கும். பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது.

உள்ளே நடப்பது வேறு. சரியான பிட் என்றால் குழியின் நான்கு சுவர்களும் முழுப் பரப்பில் விசையை வாங்கும். சிறிய பிட் என்றால் நான்கு மெல்லிய கோடுகளில்தான் மொத்த விசையும் விழும். மென்மரத்தில் இது தெரியாது. திருகாணி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், செய்தவரும் சந்தோஷப்படுவார். கடின மரத்தில், கடைசிச் சுற்றில், தலை பலகையில் பதிந்து இறுகும் நேரத்தில்தான் குழி உருண்டுபோகும். கூட்டல் குறித் தலையாக இருந்தால் முதல் சுற்றிலேயே கடகடவென்று சத்தம் போட்டு எச்சரித்திருக்கும். சதுரம் கடைசி நொடிவரை வாயைத் திறக்காது. திருகாணி முக்கால்வாசி உள்ளே போன பிறகு, ஏற்றவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் ஒரு வட்டக் குழியை உங்களிடம் கொடுத்துவிடும்.

பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர், நன்றாக இழைத்து மெருகேற்றிய மேசைப் பலகையைச் சட்டத்தோடு கீழிருந்து இணைத்துக்கொண்டிருந்தார். அதற்குச் சற்று முன்பு இழுப்பறைத் தண்டவாளம் பொருத்தியதால் டிரைவரில் பச்சை பிட் இருந்தது. அதை மாற்றவில்லை. 8ஆம் எண் திருகாணிகள். எல்லாமே இறங்கின. ஆனால் சட்டம் அரை விரல் விலகியிருந்ததால் திரும்பக் கழற்ற வேண்டியதாயிற்று. ஏற்றும்போது ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்த குழிகள், கழற்றும்போது ஒன்றன்பின் ஒன்றாக உருண்டன. தலை வெளியே துருத்திக்கொண்டிருந்த ஓரிரண்டைப் பூட்டுக் குறடால் பிடித்துச் சுற்றி எடுத்தோம். மற்றவை குழிவுக்குள் பதிந்திருந்தன. அவற்றின் தலைகளை டிரில்லால் குடைந்து எடுப்பதைத் தவிர வழியில்லை. உருண்ட குழியின் நடுவில் டிரில் முனை நிற்காது, ஓரமாக ஓடும். அப்படி ஓடியதில் சட்டத்தில் பெரிய பொத்தல். தலை போனதும் சட்டத்தைத் தூக்கி எடுத்து, பலகையில் நீட்டிக்கொண்டிருந்த தண்டுகளைக் குறடால் திருகினோம். பிட்டை மாற்ற ஆகும் நேரம் ஒரு மூச்சு. அதை மிச்சம் பிடித்ததற்குச் சட்டத்தின் ஒரு பக்கத்தையே புதிதாகச் செய்ய நேர்ந்தது.

சோதனை எளிது. பிட்டை டிரைவரில் மாட்டுவதற்கு முன்பு கையில் பிடித்து, திருகாணிக் குழிக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் முறுக்கிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அது உங்கள் பிட் அல்ல. பிறகு பிட்டைக் கிடையாகப் பிடியுங்கள். சரியான அளவாக இருந்தால் திருகாணி கீழே விழாமல் ஒட்டி நிற்கும். இந்தச் சோதனையைக் காந்தம் உள்ள பிட் பிடிப்பானில் செய்யாதீர்கள். காந்தம் தவறான பிட்டிலும் திருகாணியைத் தாங்கிப் பிடித்து உங்களை ஏமாற்றும். காந்தம் இழுக்காத பித்தளைத் திருகாணியை வைத்துப் பார்த்தால் இன்னும் நம்பகம்.

ஒட்டி நிற்பதற்குக் காரணம் குழியின் சரிவு. கனடாவின் பீட்டர் ராபர்ட்சன் 1909ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற வடிவத்தில், குழி உள்ளே போகப் போகச் சற்றே குறுகும். பிட்டும் அதே சரிவோடு இருக்கும்போது இரண்டும் ஆப்புப்போல் இறுகிக்கொள்கின்றன. ஃபோர்டு கார் நிறுவனம் தனியுரிமை கேட்டபோது ராபர்ட்சன் மறுத்துவிட்டார் என்பதும், அதனால் இந்தத் திருகாணி நெடுங்காலம் கனடாவுக்குள்ளேயே புழங்கியது என்பதும் அந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. நமக்கு வேண்டியது வேறு செய்தி: ‘சதுரம்’ என்று மட்டும் பெயர் போட்டு விற்கப்படும் எல்லாப் பிட்டுகளிலும் இந்தச் சரிவு ஒன்றுபோல் இருப்பதில்லை. சரிவில்லாத பிட் குழியின் வாயில் மட்டும் உட்கார்ந்து, அடியில் தொங்கும். எண் சரியாக இருந்தும் ஆட்டம் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். திருகாணியையும் பிட்டையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குவது இந்தத் தலைவலியைப் பெரும்பாலும் தீர்க்கும்.

இன்னொரு வலையும் இருக்கிறது. பிட்டின் மீது ‘எஸ்2’ என்று பொறித்திருந்தால் அது எப்போதும் 2ஆம் எண் சதுரத்தைக் குறிக்காது. எஸ்2 என்பது பிட் செய்யப் பயன்படும் எஃகு வகை ஒன்றின் பெயரும்கூட. 1ஆம் எண் பிட்டின் அட்டையிலும் அது பெரிதாக அச்சிடப்பட்டிருக்கலாம். எழுத்தைப் படித்து வாங்கியவர் பச்சையோடு வீடு திரும்புவார்.

குழி உருளத் தொடங்கியது தெரிந்தால் அந்த நொடியே டிரைவரின் பொத்தானிலிருந்து விரலை எடுங்கள். ‘இன்னும் ஒரே ஒரு சுற்று’ என்பதுதான் காரியத்தைக் கெடுக்கும். சரியான அளவுள்ள பிட்டைக் குழியில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கி, கைத் திருப்புளியால், முழு உடல் எடையையும் அழுத்தி மெதுவாகத் திருப்பினால் பல நேரங்களில் மீட்டுவிடலாம்.

முன்துளை தேவையில்லை என்று நம்புவது

கூட்டல் குறித் தலையில் பிட் நழுவுவது ஒரு தொல்லைதான். ஆனால் அந்த நழுவல் திருகாணியின் தண்டை உடையாமல் காத்தும் வந்தது. சதுரம் நழுவாததால் டிரைவரின் முழு முறுக்கும் தண்டுக்குப் போகிறது. மரம் வழிவிடாவிட்டால் தண்டு இற்றுப்போகும், அதுவும் பெரும்பாலும் தலைக்குச் சற்றுக் கீழே, குறடு எட்டாத இடத்தில். 8ஆம் எண் திருகாணியின் மரை வெளிவிட்டம் சுமார் 4.2 மில்லிமீட்டர். கடின மரத்தில் அதற்கு 3.2 மில்லிமீட்டர் முன்துளையும், மென்மரத்தில் 2.8 அளவில் முன்துளையும் போதும். மேலே வரும் பலகையில் திருகாணி தடையின்றிப் போக 4.5 துளையிடுங்கள். மேல் பலகையிலும் மரை கடித்தால் இரண்டு பலகைகளுக்கும் நடுவே இடைவெளி அப்படியே நின்றுவிடும், எவ்வளவு இறுக்கினாலும் மூடாது.

பித்தளை, துருப்பிடிக்காத எஃகு இரண்டும் சாதாரணக் கடின எஃகைவிட மென்மையானவை. பித்தளை ஏற்றுமுன் அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை ஒரு முறை ஏற்றிக் கழற்றி மரையை வெட்டிக்கொள்ளுங்கள். மரையில் மெழுகு தடவலாம். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்துத் திருகாணியை அரிக்கும்.

தேய்ந்த பிட்டை வைத்திருப்பது

மூலை மழுங்கினால் குப்பையில் போடுங்கள்.

இம்பாக்ட் டிரைவரால் எல்லாவற்றையும் முடிப்பது

சுற்றுவதோடு அடித்து அடித்துத் திருப்பும் கருவி அது. நீண்ட, தடித்த திருகாணிக்குச் சரி. சிறியவற்றுக்குக் கிளட்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் முறுக்கைத் துண்டிக்கும் அமைப்பு) உள்ள டிரில் போதும், பித்தளைக்குக் கையே போதும். அடிவிசைக்கு என்று செய்யாத பிட் அதில் பொடிப்பொடியாக உடையும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

இரட்டைக் குழித் தலையை நம்புவது

சதுரமும் கூட்டல் குறியும் சேர்ந்த தலைகள் இருக்கின்றன. கையில் எந்த பிட் இருந்தாலும் ஓட்டலாம் என்பது வசதிதான். ஆனால் சதுரத்தின் சுவர்களைக் கூட்டல் குறியின் கிளைகள் பிளந்துவிடுவதால் பிட்டுக்குக் கிடைக்கும் பிடி குறைகிறது. இறுக்கமான இணைப்புக்குத் தனிச் சதுரத்தையே எடுங்கள்.

சாய்துளை இணைப்புக்குக் கிடைத்த திருகாணியைப் போடுவது

பலகையில் சாய்வாகத் துளையிட்டு அதன் வழியே அடுத்த பலகையோடு திருகும் இணைப்பு இது. இதற்குத் தட்டையான, அகன்ற தலை வேண்டும். கூம்புத் தலை ஆப்பாக நுழைந்து சட்டத்தைப் பிளக்கும். மென்மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் அகலமான மரை, கடின மரத்துக்கு நெருக்கமான மரை. மாற்றிப் போட்டால் முதலில் பிடித்ததுபோல் தெரியும், பிறகு மரையே மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும்.

குழியில் பெயின்ட் இருக்கும்போதே கழற்றப் பார்ப்பது

கூரான கம்பியால் நான்கு மூலைகளையும் முதலில் சுரண்டுங்கள்.

ஓக் மரத்தில் சாதாரண எஃகு

ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறை படியும், ஈரம் பட்டால் இன்னும் பரவும். அங்கே துருப்பிடிக்காத எஃகோ பித்தளையோ போடுங்கள். தாமிர உப்புகளால் பதப்படுத்தப்பட்ட வெளிப்புற மரம் மெல்லிய துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். அதற்கு உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த திருகாணியோ துருப்பிடிக்காத எஃகோ வேண்டும். முக்கியெடுத்ததை வாங்கினால் ஒன்றிரண்டின் குழிகளில் உங்கள் பிட்டை விட்டுப் பாருங்கள். தடித்த பூச்சு சில சமயம் குழிக்குள் தேங்கி, சரியான பிட்டையும் முழு ஆழத்துக்கு இறங்க விடாது.