ரிலே வால்யூம் கன்ட்ரோலில் ‘டப்’ ஓசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிலே வால்யூம் கன்ட்ரோலில், ரிலே எனும் சிறு மின் சுவிட்சுகள் மின்தடைகளை இணைத்தும் விலக்கியும் ஒலியளவை மாற்றுகின்றன. வீட்டில் செய்த அப்படியொன்றைத் திருப்பும்போது ஸ்பீக்கரில் ‘டப்’ என்று கேட்டவுடன் ரிலேக்களையே மாற்றத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. சேலத்தில் நான் செய்த முதல் போர்டில் பன்னிரண்டு ரிலேக்களையும் கழற்றி மாற்றிய பிறகும் ஓசை அப்படியே இருந்தது. பழுது ரிலேயில் இல்லை, அதன் வழியே சென்ற டிசி (நேர்திசை) மின்னழுத்தத்தில்தான் இருந்தது.

ஆகவே முதலில் உள்ளீட்டை கிரவுண்டுடன் இணைத்துவிட்டு வால்யூமை மாற்றிப் பாருங்கள். ஓசை நின்றுவிட்டால் டிசி முன்னாலிருக்கும் கருவியிலிருந்து வருகிறது. உள்ளீட்டில் டிசியைத் தடுக்கும் ஒரு கெபாசிட்டரைச் சேர்த்தால் போதும். நிற்காவிட்டால் பின்னாலிருக்கும் பெருக்கி ஐசியான ஆப்-ஆம்பைச் சோதிக்க வேண்டும். என்இ5532 என்ற ஆப்-ஆம்ப் தன் உள்ளீட்டு முனையில் ஏறத்தாழ 200 நானோஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். அது 10 கிலோஓம் மின்தடை வழியே ஓடினால் 2 மில்லிவோல்ட் உண்டாகும். வால்யூமின் படிக்குப் படி மின்தடை மாறுவதால் இதுவும் தாவுகிறது; ஆம்ப்ளிஃபையர் அதை முப்பது மடங்கு பெருக்கினால் 60 மில்லிவோல்ட் ஆகிவிடும். தெரு அடங்கிய இரவில் அது தெளிவாகவே கேட்கும். அதே சாக்கெட்டில் டிஎல்072 என்ற ஆப்-ஆம்பைச் செருகியதும் என் போர்டில் ஓசை அடங்கியது, ஏனெனில் அது எடுத்துக்கொள்வது பைக்கோஆம்பியர் அளவே.

ரிலேக்களை இயக்கும் யுஎல்என்2003 ஐசிக்குள்ளேயே, ரிலே விடுபடும்போது எழும் மின்னழுத்தத் துள்ளலை அடக்கும் டையோடுகள் இருக்கின்றன என்று நம்பி, அதன் 9-ஆம் காலை ரிலே சப்ளையுடன் இணைக்காமல் விடுவது அடுத்த தவறு. இணைக்காத வரை அந்த டையோடுகள் இருந்தும் பயனில்லை. 5 வோல்ட் சிறு ரிலே ஒன்று சுமார் 30 மில்லிஆம்பியர் எடுப்பதால், ரிலேயின் கம்பிச்சுருளான காயிலின் மின்னோட்டம் ஆடியோ கிரவுண்டு வழியாகத் திரும்பாதபடி பவர் சப்ளை வரை தனி வயர் இழுக்க வேண்டும்.

ரிலேக்களுக்குக் கட்டளையிடும் புரோகிராமிலும் கவனம் தேவை. ரிலேக்கள் ஒவ்வொன்றும் 1, 2, 4, 8, 16, 32 டெசிபல் என ஓர் அளவு ஒலியைக் குறைப்பவை. 31 டெசிபல் குறைப்பிலிருந்து 32-க்குச் செல்லும்போது ஐந்து ரிலேக்கள் விடுபட்டு ஒன்று இழுக்கிறது. விடுபடுவது முந்திவிட்டால் ஒலி ஒரு கணம் முழு அளவில் பாய்கிறது. குறைக்கும் ரிலேயை முதலில் இழுத்து, சில மில்லிவினாடி பொறுத்து, மற்றவற்றை விடுவித்தால் அந்தக் கணம் மௌனமாகக் கழியும்.

மின்சாமான் கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்று 10 ஆம்பியர் நீல நிற ரிலேயை வாங்குபவர்களும் உண்டு. அதன் காண்டாக்டுகள் வெள்ளிக் கலவை. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு கறுப்பதைப் போலவே அவையும் கறுக்கும். பெரிய மின்னோட்டத்தில் எழும் பொறி அந்தப் படலத்தை எரித்துவிடும். ஆடியோவின் மில்லிவோல்ட்டுக்கு அந்த வலு இல்லை. நாளடைவில் கரகரப்புடன் ஒரு பக்க ஒலி மங்கினால் இதையே முதலில் பாருங்கள். தங்க முலாம் பூசிய காண்டாக்ட் உள்ள சிக்னல் ரிலேயே இதற்கு ஏற்றது.