பார்த்தீனியத்த பூக்குறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கிறது எப்படி?

தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் ரோட்டோரம், காலி பிளாட், தரிசா கிடக்குற விளை (தோட்டம்)னு எங்க பாத்தாலும் இந்தக் களைதான் நிக்குது. பூத்துட்டா யாரு வேணும்னாலும் சொல்லிருவாங்க, ஆனா அப்ப லேட்டு, ஒரு செடியே ஆயிரக்கணக்குல விதை கொட்டிரும்.

முதல்ல க்ளவுஸ். துணி க்ளவுஸ் வேஸ்ட்டு, சாறு ஊறி உள்ள வந்துரும், பாத்திரம் கழுவுற ரப்பர் க்ளவுஸ்தான் நான் சொல்லுவேன். இதுல இருக்குற பார்த்தெனின்ங்குற நச்சுப்பொருள்தான் அரிப்பு, தடிப்பெல்லாம் கொண்டு வருது. சிலருக்கு பல தடவ தொட்டப்புறம்தான் ஆரம்பிக்கும், அதனால "எனக்கு ஒண்ணும் செய்யாது"ன்னு வெறுங்கையோட இறங்காதீங்க.

அடுத்து இலை. குட்டிச்செடி தரையோட ஒட்டி வட்டமா படர்ந்து கிடக்கும், இலை கேரட் இலை மாதிரி கிழிஞ்சு கிழிஞ்சு இருக்கும். இங்கதான் வம்பே, ஏன்னா நம்ம ஊர் கேந்தி (செண்டுமல்லி) நாத்தும் தூரத்துல பாக்க ஏறக்குறைய இப்படித்தான், களை எடுக்க வர்றவங்க நாத்த புடுங்கிட்டு இத விட்டுட்டு போறதும் உண்டு. கேந்தி தரையில படராது, தண்டு நேரா எழும்பும், இலை எதிரெதிரா ஜோடியா வரும், வெளிச்சத்துல பிடிச்சா இலையில எண்ணெய்ப் புள்ளி தெரியும். பார்த்தீனியத்துல இலை மாறி மாறி வரும், மேல நைசா ரோமம் இருக்கும், அந்தப் புள்ளி இருக்காது. கசக்கி மோந்து பாருன்னு சொல்லுவாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். போட்டோ எடுத்தா பேர் சொல்ற ஆப்பையும் இந்த ஸ்டேஜ்ல நான் நம்ப மாட்டேன்.

வளந்த செடின்னா ஈஸி. தண்டுல நெடுக வரிவரியா பள்ளம், 4 மி.மீ. அளவுல வெள்ளப்பூ. போன் கேமராவ ஜூம் பண்ணுங்க, பூவுக்கு அஞ்சு மூலை இருந்தா அதேதான்.

மழை பெஞ்ச மறுநாள் வேரோட புடுங்குங்க. மம்மட்டியால மேலோட்டமா வெட்டுனா திரும்ப துளுத்துரும். பூக்காதத உரக்குழியில போடலாம், பூத்தத போடாதீங்க.

அப்டேட்: மாடு தின்னா என்னாகும்னு கேட்டிருந்தீங்க. பால் கசக்கும், நிறைய தின்னா மாட்டுக்கே ஆபத்து. உப்புக்கரைசல் பத்தியும் கேட்டீங்க: லிட்டருக்கு 200 கிராம் உப்பு, கொஞ்சம் சோப்பு, நல்ல வெயில்ல அடிக்கணும். ஆனா ரோட்டோரத்துக்கு மட்டும்தான், வாழை நிக்குற விளையில அடிச்சிராதீங்க, மண்ணு கெட்டுரும். இலைய ஓட்ட போட்டு தின்னுற, வெள்ள முதுகுல பழுப்புக்கோடு போட்ட வண்டு இருந்துச்சுன்னா மருந்தே அடிக்காதீங்க. இதத் தின்னணும்னே மெக்சிகோலேர்ந்து கொண்டு வந்து 1984ல பெங்களூர்ல விட்ட வண்டு அது.