அரிஸ்டாட்டிலின் அறிவுசார் நற்பண்புகள்: படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

அரிஸ்டாட்டிலின் ஒழுக்கவியல் நூலான ‘நிகோமாக்கியன் எதிக்ஸ்’, அதன் ஆறாம் புத்தகத்தில், மனம் உண்மையை எட்டும் நிலைகள் என்று ஐந்தைச் சொல்கிறது: தெக்னே (செய்நேர்த்தி), எபிஸ்தேமே (நிரூபித்து அறிவது), ஃபிரோனேசிஸ் (நடைமுறை விவேகம்), சோஃபியா (மெய்ஞானம்), நூஸ் (அடிப்படைகளை நேரடியாகப் பற்றும் அறிவு). இவற்றை ஐந்து சமமான நற்பண்புகள் என்று மனப்பாடம் செய்துவிட்டால் மீதி எதுவும் விளங்காது.

பட்டியலுக்கு முன்பே, முதல் அத்தியாயத்திலேயே, பகுத்தறியும் மனத்தை அவர் இரண்டாகப் பிரித்துவிடுகிறார். மாறவே முடியாதவற்றைப் பார்ப்பது ஒரு பகுதி. மாறக்கூடியவற்றைப் பற்றி ஆலோசிப்பது மற்றொன்று. முக்கோணத்தின் கோணங்களைப் பற்றி யாரும் ஆலோசனை செய்வதில்லை, போருக்குப் போவதா வேண்டாமா என்று செய்கிறோம். முதல் பகுதியின் உச்சம் சோஃபியா. நூஸும் எபிஸ்தேமேயும் அதற்குள் அடக்கம். இரண்டாவதன் உச்சம் ஃபிரோனேசிஸ். ஆக, கறாராகப் பார்த்தால் நற்பண்புகள் இரண்டுதான்.

தெக்னே ஏன் சேரவில்லை? அதில் நல்லது, மட்டமானது என்ற தரம் இருக்கிறது. ஃபிரோனேசிஸில் அப்படி இல்லை. தெரிந்தே பிழை செய்யும் கைவினைஞர் தெரியாமல் செய்பவரைவிட மேல், அவருக்குத் திறமையாவது இருக்கிறது. தெரிந்தே தவறாக நடப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. இந்த ஒரு சோதனையை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

சோஃபியாவையும் ஃபிரோனேசிஸையும் ‘ஞானம்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது அடுத்த தவறு. பழைய கிரேக்கத் தத்துவவாதிகளான தேலஸும் அனக்சகோரஸும் ஞானிகள், ஆனால் தங்களுக்கு எது நன்மை என்று தெரியாதவர்கள் என ஊர் சொன்னதை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டுகிறார். விவேகத்துக்கு அவர் காட்டும் ஆள் பெரிக்ளிஸ், ஏதென்ஸின் அரசியல்வாதி.

விவேகம் என்றால் பொதுவிதி தெரிந்திருப்பது என்று நினைப்பவர்களும் உண்டு. லேசான இறைச்சி எளிதில் செரிக்கும் என்று தெரிந்தும் எது லேசானது என்று தெரியாதவரால் யாரையும் குணப்படுத்த முடியாது. கோழிக்கறி உடம்புக்கு நல்லது என்று மட்டும் தெரிந்தவரால் முடியும். இளைஞர்கள் கணிதத்தில் தேறுவார்கள், விவேகத்தில் தேறுவதில்லை என்று அவர் சொல்வதும் இதனால்தான்: தனித்தனி விஷயங்கள் அனுபவத்தில் வருபவை, அதற்குக் காலம் வேண்டும்.

வெறும் சாமர்த்தியமும் விவேகம் ஆகாது. வைத்த குறியை அடையத் தெரிந்தால் அது சாமர்த்தியம், குறி கெட்டதாக இருந்தால் தந்திரம். நல்ல குறியை வைப்பது ஒழுக்க நற்பண்பின் (துணிவு, தன்னடக்கம் போன்ற குணங்களின்) வேலை; ஆகவே நல்லவராக இல்லாமல் விவேகியாக இருக்க முடியாது என்கிறார்.

சோஃபியாவுக்கும் மிகை, குறை, நடுநிலை தேடுவது வீண் வேலை. கோழைத்தனத்துக்கும் அசட்டுத் துணிச்சலுக்கும் நடுவே துணிவு இருப்பதுபோன்ற நடுநிலை ஒழுக்க நற்பண்புகளுக்கு உரியது. அது எங்கே இருக்கிறது என்று தீர்மானிப்பது ஃபிரோனேசிஸ். இன்று பேசப்படும் திறந்த மனம், அறிவுப் பணிவு போன்றவற்றை இந்தப் பட்டியலில் தேடவும் வேண்டாம்.

ஆறாம் புத்தகத்தில் நேராகக் குதிக்காமல், முதல் புத்தகத்தின் 13-ஆம் அத்தியாயம், இரண்டாம் புத்தகத்தின் முதல் ஆறு அத்தியாயங்கள், பிறகு ஆறாம் புத்தகம் என்று போகலாம். பத்தாம் புத்தகத்தின் 7, 8-ஆம் அத்தியாயங்கள் கடைசியில். சோஃபியாவா, ஃபிரோனேசிஸா, எந்த வாழ்க்கை மேல் என்ற வழக்கு அங்கேதான் நடக்கிறது.