வீட்டுக்கு ஒரு சின்ன ஃபிலிம் கேமரா: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் புழங்க ஒரு கையடக்க ஃபிலிம் கேமரா வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாரை, எங்கே வைத்துப் படம் எடுக்கப் போகிறீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டு அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். வீட்டுக்குள்ளே, சாயங்கால விளக்கு வெளிச்சத்தில், இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில், ஓரிடத்தில் நிற்காத பிள்ளைகளை. சமயத்தில் தாத்தா பாட்டியோடு சேர்த்து. ஆனால் வாங்கும் நேரத்தில் இந்தப் பதில் மறந்துபோகிறது. கேமராவின் பெயரும் ஜூமும் பளபளப்பும் முன்னால் வந்து நின்றுவிடுகின்றன. நான் செய்த தவறுகளும் பிறர் செய்து பார்த்த தவறுகளும் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளைத்தன.

ஜூம் நீளமாக இருந்தால் நல்ல கேமரா என்று நம்புவது

1986-இல் பென்டாக்ஸ் ஜூம் 70 வந்தது. கையடக்கக் கேமராக்களில் ஜூம் லென்ஸ் வைத்தது அதிலிருந்துதான் தொடங்கியது. அதன் லென்ஸ் 35 முதல் 70 மி.மீ. வரை நீளும். இந்த எண் கூடக் கூட தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். அதன்பின் போட்டி போட்டுக்கொண்டு 105, 140, 160 என்று ஜூமை நீட்டிக்கொண்டே போனார்கள். லென்ஸ் நீளமாகவும் இருக்க வேண்டும், பைக்குள்ளும் அடங்க வேண்டும் என்றால் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். அவர்கள் விட்டுக்கொடுத்தது வெளிச்சத்தை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதை எஃப் எண் சொல்லும், எண் சிறிதானால் திறப்பு பெரிது. ஜூம் இல்லாத நல்ல 35 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8 வரை திறக்கும். 140 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸ், முழுக்க நீட்டிய நிலையில் எஃப் 11 அளவுக்குத்தான் திறக்கும். இரண்டுக்கும் இடையே 4 ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். ஆக, உள்ளே போகும் வெளிச்சம் 16-இல் ஒரு பங்கு. முதல் லென்ஸில் 1/60 நொடியில் எடுக்கும் படத்துக்கு இரண்டாவதில் கால் நொடி வேண்டும். கால் நொடி நேரம் குழந்தை அசையாமல் இருக்காது. இருந்தாலும் நம் கை ஆடிவிடும்.

‘ஃப்ளாஷ்தான் இருக்கிறதே’ என்பார்கள். ஃப்ளாஷுக்கும் இதே கணக்குதான். ஐஎஸ்ஓ என்பது ஃபிலிமின் வேகம், எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். ஐஎஸ்ஓ 100-இல் ஒரு சின்ன கேமராவின் ஃப்ளாஷ் திறனெண் (ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) 11 என்று வைத்துக்கொள்வோம். அதை எஃப் எண்ணால் வகுத்தால் ஃப்ளாஷ் எத்தனை மீட்டர் எட்டும் என்பது கிடைக்கும். எஃப் 2.8 என்றால் ஏறக்குறைய 4 மீட்டர். எஃப் 11 என்றால் 1 மீட்டர். ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டால் இரண்டும் இரட்டிக்கும். அப்போதும் ஜூமை நீட்டி எடுத்தால் 2 மீட்டருக்கு அப்பால் எல்லாம் இருட்டு. ஆண்டு விழா மேடையில் ஆடும் பிள்ளையைக் கடைசி வரிசையிலிருந்து எடுத்த படங்கள் ஏன் கரேலென்று வந்தன என்பதற்கு இதுதான் காரணம்.

வீட்டில் ஏற்கெனவே ஜூம் கேமரா இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். நீட்டாமல் வைத்து எடுங்கள், பக்கத்தில் போங்கள். புதிதாகத் தேடுபவர்கள் 35 மி.மீ. அல்லது அதை ஒட்டிய ஒரே நீள லென்ஸ் உள்ளதாகத் தேடுங்கள்.

பெயருக்கு விலை கொடுப்பது

கான்டாக்ஸ் டி2 (1990), ஒலிம்பஸ் மியூ 2 (1997) போன்றவை அருமையான கேமராக்கள், சந்தேகமே இல்லை. டி2-வின் டைட்டானியம் உடலும் 38 மி.மீ. சோனார் லென்ஸும் கையில் எடுத்த யாரையும் மயக்கும். ஆனால் இன்று அவற்றின் விலை படத்தின் தரத்தால் மட்டும் ஏறியதல்ல, புகழும் சேர்ந்து ஏற்றியது. உள்ளே இருப்பதோ கால் நூற்றாண்டையும் முப்பது ஆண்டையும் தாண்டிய மின்சுற்று. லென்ஸ் வெளியே வரும்போதெல்லாம் மடங்கி விரியும் மெல்லிய இணைப்புப் பட்டை ஒருநாள் அறுந்தால் மாற்ற புதிய உதிரிபாகம் கிடைப்பது அரிது. பெரும்பாலும் செத்துப்போன இன்னொரு கேமராவிலிருந்து பிடுங்கித்தான் போட வேண்டும்.

குடும்பக் கேமரா கீழே விழும். பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பார்கள், கடற்கரை மணல் படும். தொடவே பயப்படும் அளவுக்கு விலை கொடுத்து வாங்கிய கேமரா அலமாரியை விட்டு வெளியே வராது. அப்படி அடைந்து கிடக்கும் கேமராக்கள் சில வீடுகளில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நிகான் எல்35ஏஎஃப் (1983) போல, 35 மி.மீ., எஃப் 2.8 லென்ஸ் உள்ள, கொஞ்சம் தடிமனான, சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடும் பழைய கேமரா இந்த வேலைக்கு எவ்வளவோ தேவலை. பேட்டரியே வேண்டாம் என்றால் ஒலிம்பஸ் ட்ரிப் 35. 1967 முதல் 1984 வரை வந்த அதற்கு பேட்டரியே இல்லை, லென்ஸைச் சுற்றியுள்ள, வெளிச்சம் பட்டாலே இயங்கும் செலினியம் செல்தான் வெளிச்சத்தை அளக்கும். வெளிச்சம் போதாவிட்டால் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் ஒரு சிவப்புக் கொடி எழுந்து ஷட்டரைத் தடுத்துவிடும். வாங்கும் முன் லென்ஸைக் கையால் மூடி அழுத்திப் பாருங்கள். கொடி வந்தால் மீட்டர் வேலை செய்கிறது என்று ஓரளவு நம்பலாம். ஆனால் தூரத்தை நாம்தான் குத்துமதிப்பாக வைக்க வேண்டும், ஃப்ளாஷும் தனி. வெயிலில் விளையாடும் பிள்ளைகளுக்கு ட்ரிப் சரி, விளக்கு வெளிச்சத்துக்குச் சரிவராது.

புதுக் கேமராதான் வேண்டும் என்பவர்களுக்கு 2024-இல் வந்த பென்டாக்ஸ் 17 இருக்கிறது. அது அரை ஃப்ரேம், அதாவது ஒரு படத்துக்கான ஃபிலிமில் இரண்டு படம் எடுக்கும். 36 படம் எடுக்கும் ரோலில் 72 படம் வரும். ஃபிலிம் மிச்சம் என்று எல்லோரும் மகிழ்கிறார்கள். ஆனால் மாதத்துக்கு ஐந்தாறு படம் எடுக்கும் வீட்டில் 72 படம் முடிய ஒரு வருடம் ஆகும். பிறந்தநாளில் எடுத்த படத்தை அடுத்த பிறந்தநாளில்தான் பார்ப்பீர்கள். நிறைய எடுப்பவர்களுக்கு மட்டுமே அது லாபம்.

ஃபோகஸ் எங்கே விழும் என்று அறியாமல் அழுத்துவது

எங்கள் வீட்டில் ஒரு படம் இருக்கிறது. என் அப்பாவும் என் மகனும் அருகருகே உட்கார்ந்து சிரிக்கிறார்கள். இருவர் முகமும் பஞ்சு போலக் கலங்கியிருக்கிறது. பின்சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் மட்டும் முள்ளுமுள்ளாகத் தெளிவு. மணி ஐந்து இருபது. கேமராவில் பழுதில்லை. நான் இருவரையும் சட்டத்தின் நடுவில் சரியாக வைத்தேன். நட்டநடுவில் இருந்ததோ இரண்டு தலைகளுக்கு இடையிலான இடைவெளி. கேமரா அதன் வழியாகப் பார்த்து, கடிகாரத்துக்கு ஃபோகஸ் செய்துவிட்டது.

ஆட்டோஃபோகஸோடு கடைக்கு வந்த முதல் கேமரா 1977-இன் கொனிகா சி35 ஏஎஃப். அதற்குப் பின் வந்த பெரும்பாலான சின்ன கேமராக்களும் நடுவில் உள்ள சின்னப் பகுதியை மட்டும்தான் பார்த்துத் தூரத்தைக் கணிக்கின்றன. ஆகவே பட்டனைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளுமா என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முகத்தை நடுவில் வைத்துப் பாதி அழுத்தி, விரலை எடுக்காமல் கேமராவை நகர்த்தி, பிறகு முழுக்க அழுத்த வேண்டும். வீட்டில் எல்லோரும் பழகும்வரை ஃபிலிம் போடாமலே செய்து பாருங்கள். பின்னாளில் வந்த பல கேமராக்களில் மூன்று ஐந்து இடங்களைப் பார்க்கும் ஃபோகஸ் இருக்கிறது. பிள்ளைகள் கையிலும் கொடுக்கப்போகும் கேமராவுக்கு அது உண்மையிலேயே உதவும்.

எவ்வளவு நெருங்கலாம் என்பதும் கேமராவுக்குக் கேமரா மாறும். மியூ 2 என்றால் 35 செ.மீ. வரை போகலாம். எல்35ஏஎஃப்-இல் 80 செ.மீ.க்கு உள்ளே போனால் கலங்கிவிடும். மடியில் கிடக்கும் கைக்குழந்தையை எடுக்க ஆசைப்படுபவர் இந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அகச்சிவப்புக் கதிரை அனுப்பித் தூரம் அளக்கும் கேமராக்கள் ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்கும்போது ஏமாந்துபோகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஃப்ளாஷை அணைக்க முடியுமா என்று பார்க்காதது

ஜன்னல் ஓரம் தூங்கும் குழந்தை, கேக்கின் மெழுகுவத்தி வெளிச்சம். இவற்றை ஃப்ளாஷ் கொன்றுவிடும். அணைக்கும் வசதி இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேமரா நினைவில் வைத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். மியூ 2 உட்படப் பல கேமராக்கள் மூடித் திறந்ததும் பழையபடி தானியங்கி ஃப்ளாஷுக்கே திரும்பிவிடும். எல்35ஏஎஃப்-இல் ஃப்ளாஷ் தானே மேலே எழும், விரலால் அமுக்கிப் பிடித்தால் எரியாது. ஃப்ளாஷில் கண் சிவப்பாக விழாமல் தவிர்க்க முன்கூட்டியே மின்னும் வசதியை வைத்தால் பட்டனை அழுத்துவதற்கும் படம் விழுவதற்கும் இடையே நேரம் போகும், பிள்ளை திரும்பிவிடும். நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

எந்த ஃபிலிம் போடும் கேமரா என்று கவனிக்காதது

இதைப் பார்க்காமல் வாங்கினால் கேமராவே வீண். 1996-இல் அறிமுகமான ஏபிஎஸ் என்ற தனி வகை ஃபிலிம் போடும் கேமராக்கள் அழகாகவும் மலிவாகவும் கண்ணில் படும். அந்த ஃபிலிம் தயாரிப்பு 2011-இல் நின்றுவிட்டது. 35 மி.மீ. ஃபிலிம் (இது லென்ஸின் நீளமல்ல, ஃபிலிமின் அகலம்) போடும் கேமரா என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

அடுத்தது ஃபிலிமின் வேகம். டப்பியில் வெள்ளியும் கறுப்பும் கட்டம்கட்டமாக இருக்கிறதே, அது 1983-இல் கோடக் கொண்டுவந்த டிஎக்ஸ் குறியீடு. அதைப் படித்துத்தான் கேமரா ஐஎஸ்ஓவைத் தெரிந்துகொள்கிறது. மலிவான பல கேமராக்களுக்கு 100, 400 இரண்டு மட்டுமே தெரியும். குறியீடு இல்லாத டப்பியைப் போட்டால் பெரும்பாலானவை 100 என்று எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் எடுக்க 400 கலர் நெகட்டிவ் போடுங்கள். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் அது தாங்கும், குறைந்தால்தான் படம் சாம்பல் பூத்துப்போகும். காலாவதியான ஃபிலிம், சினிமா ஃபிலிமை வெட்டிச் சுற்றியது இவையெல்லாம் சோதனை செய்பவர்களுக்கு. குடும்பப் படத்தை அதில் பணயம் வைக்காதீர்கள்.

கையில் வாங்கிப் பார்க்காமல் முடிவு செய்வது

‘வேலை செய்கிறது’ என்று விற்பவர் சொன்னால், ஃபிலிம் போட்டுப் பார்த்தாரா என்று கேளுங்கள். பேட்டரி அறையில் பச்சைப் பூச்சு இருக்கிறதா, பின்கதவின் ஸ்பாஞ்சு விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா, லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் சிலந்திவலை போலப் பூஞ்சை தெரிகிறதா என்று பாருங்கள். பின்கதவின் கொக்கி சின்ன பிளாஸ்டிக் துண்டுதான். உடைந்திருந்தால் ஒளி புகுந்து ரோல் முழுவதும் பாழ். ஒரு பழைய வீணான ரோலைக் கையோடு கொண்டுபோய், மோட்டார் சுற்றுகிறதா, கடைசிவரை போய்த் தானே திருப்பிச் சுற்றுகிறதா என்று சோதிப்பது நல்லது.

பிள்ளைகள் கதவைத் திறந்துவிடும் வீடு என்றால் இன்னொரு தகவல். ஃபுஜிஃபிலிம் கேமராக்கள் பலவும் ரோல் போட்டவுடன் முழு ஃபிலிமையும் வெளியே இழுத்துவிட்டு, எடுக்க எடுக்க ஒவ்வொன்றாக டப்பிக்குள் திருப்பி அனுப்பும். நடுவில் யாராவது திறந்தாலும் எடுத்த படங்கள் பத்திரமாக இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழுதான கேமராவை ஸ்க்ரூ கழற்றித் திறக்காதீர்கள், பிள்ளைகள் கையில் விளையாடவும் கொடுக்காதீர்கள். ஃப்ளாஷுக்கான மின்தேக்கியில் ஏறக்குறைய 300 வோல்ட் இருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் அது தங்கியிருக்கும்.

முதல் ரோலை முக்கியமான நாளுக்கு வைப்பது

வாங்கிய வாரமே ஒரு ரோலை வீட்டிலேயே எடுத்து முடியுங்கள். ஜன்னல் பக்கம் ஒன்று, இரவு விளக்கில் ஃப்ளாஷோடு ஒன்று, ஃப்ளாஷ் இல்லாமல் ஒன்று, ஒரு மீட்டரில் முகம், வாசலில் வெயில். எதை எந்தப் படத்தில் எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ரோல் வந்ததும் பிரிண்டைவிட நெகட்டிவைப் பாருங்கள். படத்துக்கு வெளியே, ஓரத்துத் துளைகள் வரை கருமை பரவியிருந்தால் எங்கோ ஒளி கசிகிறது. விமானத்தில் போவதாக இருந்தால் ரோல்களைக் கையோடு வைத்து, பைகளைச் சோதிக்கும் புது சி.டி. (CT) எக்ஸ்ரே ஸ்கேனரில் விடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

லேபில் கழுவக் கொடுக்கும்போதே நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஸ்கேன் மட்டும் அனுப்பிவிட்டு, கேட்காவிட்டால் நெகட்டிவைக் கழித்துவிடும் இடங்கள் உண்டு. கைபேசியில் வந்த ஸ்கேன் தொலைந்தாலும் நெகட்டிவிலிருந்து மறுபடி எடுக்கலாம். தேதி அச்சிடும் வசதியை அணைத்து வையுங்கள். ஆரஞ்சு எழுத்து ஒருமுறை ஃபிலிமில் பதிந்தால் போகாது, பழைய கேமராக்களில் ஆண்டும் தப்பாகவே விழும். தேதியை நெகட்டிவ் உறையின் மேல் நீங்களே எழுதுங்கள், படத்தில் இருப்பவர்களின் பெயர்களோடு.