மூணாறு குளிருக்கு வண்டிய நாகர்கோவில் முற்றத்துல வச்சே ரெடி பண்ணலாம் மக்கா

ஒரு தேங்காண்ணெ பாட்டில்ல இருந்து ஆரம்பிக்கேன். ஒரு சனவரி மாசம் நானும் எங்க சகலையும் மூணாறுக்கு வண்டியில போனோம், எனக்கு பழைய 100 சிசி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்கி இன்ஜினுக்கு விடுற பாகம்) வண்டி, அவருக்கு 350 புல்லட். மறுநாள் காலைல தலைக்கு தேய்க்கலாம்னு பாட்டில கவுத்தா ஒரு சொட்டு வரல, வெள்ள மெழுகு மாதிரி உறைஞ்சு கிடக்கு. சகலை பாத்துட்டு "தலைக்கு வைக்க எண்ணெயே இப்படின்னா உம்ம வண்டிக்குள்ள கிடக்குறது எப்படி இருக்கும்வே"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அரை மணிக்கூறு கிக்கர உதைச்ச பொறவு சிரிப்பு நின்னு போச்சு.

சோக் (குளிர்ல ஸ்டார்ட் ஆக பெட்ரோல் கலவைய கூட்டுறது) இழுக்கலாம்னு பாத்தா லிவர் அசையவே இல்ல. எப்படி அசையும்? நம்ம ஊர்ல மார்கழி ராத்திரியில கூட 20 டிகிரிக்கு கீழ போறது அபூர்வம், சோக்க கடைசியா எப்ப இழுத்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல, அதுக்கு மேல கடல் உப்புக்காத்து வேற, கேபிள் உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சு இறுகிட்டு. அன்னைக்கு சரிவுல உருட்டி விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணேன். அப்பதான் ஒண்ணு மனசிலாச்சு, குளிரு புதுசா எதையும் கெடுக்கல, நம்ம ஊரு சூடு மூடி வச்சிருந்தத எல்லாம் வெளிய எடுத்து காட்டிருச்சு அவ்வளவுதான். அதனால பாதி வேலை, நம்ம வண்டியில தூங்கிக்கிட்டு இருக்கத தட்டி எழுப்புறதுதான்.

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கேபிள்ள கைய வைங்க. சோக், கிளட்ச், ஆக்சிலேட்டர் மூணும். கேபிளோட மேல் முனைய லிவர்ல இருந்து கழட்டி, ஒரு சின்ன பாலிதீன் கவரோட மூலைய லேசா வெட்டி அதுக்குள்ள கேபிள் முனைய விட்டு ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி கட்டுங்க (ரப்பர் விளையுற ஊர்ல ரப்பர் பேண்டுக்கா பஞ்சம்). கவருக்குள்ள ரெண்டு ஸ்பூன் லேசான மெஷின் ஆயில் ஊத்தி ராத்திரி முழுக்க தொங்க விட்ருங்க. காலைல கீழ்முனையில கருப்பா சொட்டும், துருவும் அழுக்கும் கூட சேந்து வரும். சுத்தமா சொட்டுற வரைக்கும் விடணும். கிரீஸ் வச்சு அடைக்காண்டாம், குளிர்ல கிரீஸ் இறுகி கிளட்ச் பிடிக்க கை வலிச்சு போவும். எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப்புல பாசத்தோட கிரீஸ் அப்பி விட்டாங்க, மலை ஏறுனதும் அந்த பாசம் எல்லாம் விரல்ல தெரிஞ்சுது.

2020 ஏப்ரலுக்கு பொறவு வந்த பிஎஸ்6 (புகை கட்டுப்பாட்டு விதி) வண்டின்னா பெரும்பாலும் எஃப்ஐ தான், அதாவது கார்புரேட்டருக்கு பதிலா பெட்ரோல அளந்து பீச்சுறது, சோக் கிடையாது, அந்த பாடு உங்களுக்கு இல்ல.

அடுத்தது ஆயில். டப்பாவுல 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40ன்னு போட்டிருக்கும்லா, அந்த டபிள்யூ விண்டர், குளிரத்தான் சொல்லுது. அதுக்கு முன்னாடி இருக்க நம்பர் எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு குளிர்லயும் ஆயில் ஓடும். நம்ம பக்கம் நிறைய பேரு எந்த வண்டி வந்தாலும் 20டபிள்யூ-40 ஊத்தி விட்ருவாங்க, இங்க ஓடும், அங்க காலைல தேங்காண்ணெ மாதிரி உறையாட்டாலும் கொஞ்சம் கெட்டியாயிரும். அதுக்குன்னு இஷ்டத்துக்கு மாத்தவும் கூடாது, மேனுவல்ல உங்க வண்டிக்கு எந்த கிரேடு போட்டிருக்கோ அதுக்கே திரும்பி போங்க. டப்பாவுல ஜாஸோ (ஜப்பான்காரங்க தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2ன்னு இருக்கணும், கார் ஆயில ஊத்துனா கிளட்ச் வழுக்கும்.

மாத்துறதுக்கு முன்னாடி வண்டிய அஞ்சு நிமிசம் ஓட விட்டு, ஆயில் இளகுன பொறவு ட்ரெயின் போல்ட்ட கழட்டுங்க, கையில சூடு படாம பாத்துக்கிடுங்க. வாஷர் புதுசா போடுங்க, அஞ்சு பத்து ரூபா மிச்சம் புடிக்கப்போய் வழி எல்லாம் ஆயில் சொட்ட விடாதிய. பழைய ஆயில கேன்ல புடிச்சு ஒர்க்‌ஷாப்புல குடுத்துருங்க, தென்னை மூட்டுல ஊத்தாதிய.

பேட்டரி குளிர்ல சோர்ந்து போவும், உள்ள நடக்குற ரசாயன வேலையே மந்தமாயிரும். மல்டிமீட்டர் வச்சு காலைல வண்டி ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னாடி பாருங்க, 12.6 வோல்ட் காட்டுனா கொள்ளாம், 12.2க்கு வந்துட்டுன்னா சார்ஜ் போடணும், போட்டும் நிக்கலன்னா மாத்திட்டு கிளம்புங்க. ஸ்டார்ட் பண்ணி லேசா ரைஸ் பண்ணும்போது 14 பக்கம் வரணும், வரலன்னா பேட்டரி மேல பழி போடாதிய, சார்ஜிங் சைடுல பாருங்க. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சின்னு கடல் பக்கத்து வண்டின்னா டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்து கிடக்கும். மைனஸ முதல்ல கழட்டி (மாட்டும்போது அது கடைசி) வெந்நில ஆப்பசோடா கலக்கி பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, துடைச்சு காய வச்சு மாட்டுன பொறவு மேல வாசலைன் பூசுங்க. பத்து நிமிச வேலை.

பிளக், ஏர் ஃபில்டர், செயின் எல்லாம் எப்பவும் பாக்குறதுதான், புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. மேல போனா காத்து லேசாயிரும், கார்புரேட்டர் வண்டி கொஞ்சம் திணறும், அதுக்காக பெட்ரோல்-காத்து கலவைய மாத்துற மிக்சர் ஸ்க்ரூவ வழியில திருகாண்டாம், நின்ன இடத்துல இன்ஜின் ஓடுற வேகத்த மாத்துற ஐட்லிங் ஸ்க்ரூவ மட்டும் அரை சுத்து ஏத்துனா போதும். பனிமூட்டத்துல ஓடிக்கிட்டே இருக்கும்போது ஐட்லிங் இறங்கி வண்டி நின்னு, அஞ்சு பத்து நிமிசம் கழிச்சு ஒண்ணும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சுன்னா பயப்படாதிய, பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டர் குளுந்து உள்ள ஈரம் ஐஸ் கட்டியிருக்கும், இன்ஜின் சூட்டுல அதுவே உருகிரும்.

இனி கைக்கு வாறேன். ஹீட்டட் கிரிப் (கரண்டுல சூடாகுற கைப்பிடி) வாங்கணும்னு எல்லாருக்கும் ஆசைதான், ஒரு ஜோடி சுமார் 36 வாட் இழுக்கும்னு வைங்க, 12 வோல்ட்டுல அது 3 ஆம்பியர், 5 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு, சாவி ஆஃப் பண்ணுனா கட் ஆகுற மாதிரி ரிலே வழியா எடுத்தா பெரிய வண்டியில ஓடும். 100 சிசில மாட்டுனா ஹெட்லைட்டும் ஹார்னும் பேட்டரிக்கு சண்டை போடும், விட்ருங்க. அதுக்கு பதிலா நான் பண்ணது ஹேண்டில்பார்ல கைய மூடுற ரெக்சின் உறை. சீட் தைக்கிற அண்ணாச்சிகிட்ட போய், உள்ள பஞ்சு ஷீட், வெளிய ரெக்சின், கை நுழையுற பக்கம் அகலமா, பார் பக்கம் இறுக்கமா ஒரு ஜோடி தைக்க சொன்னேன். "இது என்னடே, மாட்டுக்கு வாய்ப்பூட்டா"ன்னு கேட்டாரு. ஆனா அடுத்த தடவ போடிமெட்டு ஏறும்போது சகலை கைய இன்ஜின்ல வச்சு வச்சு காய்ச்சாரு, நான் சும்மா ஓட்டிட்டு போனேன்.

உறை மாட்டுனா ஒண்ண மட்டும் விடாம பாக்கணும். வண்டிய நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி ஹேண்டில்பார இந்த கோடிக்கும் அந்த கோடிக்கும் திருப்புங்க, இன்ஜின் தானா ரைஸ் ஆகவே கூடாது. ஆக்சிலேட்டர முறுக்கி விட்டா டக்குனு தானா திரும்பணும். பிரேக் லிவரும் கிளட்ச் லிவரும் உறையில தட்டாம முழுசா வரணும். இதுல எதாவது ஒண்ணு இடிச்சா கொண்டு போய் திரும்ப தைக்க குடுங்க, வழியில பாத்துக்கிடலாம்ங்கிற பேச்சே ஆண்டாம்.

உடம்புக்கு விலை கூடுன ஜாக்கெட்டு வேணும்னு இல்ல. குளிர கொண்டு வாறது காத்துதான், ஸ்வெட்டருக்கு மேல நம்ம வீட்டுல எல்லாருகிட்டயும் கிடக்குற மழைக்கோட்ட போடுங்க, நெஞ்சு பக்கம் உள்ள ரெண்டு மடிப்பு பேப்பர் வைங்க. வைசர் உள்பக்கம் பாத்திரம் கழுவுற சோப்புத்தண்ணி ஒரு சொட்டு விட்டு, காய்ஞ்ச துணியால தேய்ச்சு மறைய வச்சா மூச்சுக்காத்து பட்டு மங்காது, தினமும் காலைல பண்ணணும்.

டயர் காத்து குளிர்ல குறையும், ஆனா மேல காத்தழுத்தம் கம்மிங்கிறதால கேஜ் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பாதி ஈடு கட்டிரும். அங்க போய் காலைல ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாருங்க, கண்டபடி ஏத்தாதிய. திரும்பி கீழ வந்ததும் இன்னொரு தடவ பாக்கணும்.

வரும்போது திருநெல்வேலியிலயே அந்த ரெக்சின் உறைய கழட்டி பையில போட்ருங்க. முப்பந்தல்ல காத்தாலை எல்லாம் சும்மா நட்டு வைக்கல, பக்கவாட்டுல அடிக்குற காத்து உறைக்குள்ள பூந்தா ஹேண்டில்பார அதுவே திருப்ப பாக்கும். நான் ஆரல்வாய்மொழி தாண்டுறதுக்குள்ள ரெண்டு தடவ லைன் மாறிட்டேன், பின்னால வந்த லாரிக்காரரு ஹார்ன் அடிச்சு என்ன சொன்னாருன்னு இங்க எழுத முடியாது.