லிப்பிட் வால் கொண்ட பெப்டைடுகள்: லைப்போசோம் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழுப்பு (லிப்பிட்) வால் இணைந்த பெப்டைடு, அதாவது சிறு புரதத்துண்டு, லைப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழின் சவ்வில் எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. புதுச்சேரியில் முதுகலை ப்ராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. சவ்வு செய்யப் பயன்படும் டிஎம்பிசி என்ற லிப்பிட் சுமார் 24 டிகிரி செல்சியஸில் இறுகிய ஜெல் நிலையிலிருந்து இளகிய நிலைக்கு மாறும். ஏசி ஓடும்போது ஆய்வக அறை அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போனால் சீக்கிரமே 30-ஐத் தாண்டிவிடும். ஒரே குப்பி, காலையில் ஒரு சவ்வு, மதியம் வேறொரு சவ்வு. நோட்டில் 'ரூம் டெம்பரேச்சர்' என்று மட்டும் எழுதி வைத்தால் இந்த வித்தியாசம் பெப்டைடின் குணம் என்று பதிவாகிவிடும். டிகிரியை எழுதுங்கள், வாட்டர் பாத்தில் வைத்தே அளவிடுங்கள். லைப்போசோமை 100 நானோமீட்டர் ஃபில்டர் வழியே தள்ளும்போதும் மாற்றப் புள்ளிக்கு மேலேயே இருக்க வேண்டும். டிபிபிசி என்ற இன்னொரு லிப்பிடுக்கு அது 41 டிகிரி. நம் ஊர் வெயிலை நம்பாமல் சூடாக்கியே தள்ள வேண்டும்.

அடுத்தது, கொழுப்பு வாலைத் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகுக்குப் போடும் நங்கூரம் போல நினைப்பது. நங்கூரம் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளாது; வால் மாற்றிக்கொள்ளும். செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் என்-ராஸ் புரதத்தின் கடைக்கோடிப் பெப்டைடை, வாலுடன், டியூட்டீரியம் என்எம்ஆர் என்ற காந்த அளவீட்டில் பார்த்தபோது, அதன் 16 கார்பன் சங்கிலி டிஎம்பிசியின் 14 கார்பன் சங்கிலிகளுக்கு நடுவே நெளிந்து, சுற்றியுள்ள சவ்வின் தடிமனுக்கு ஏற்பத் தன்னைக் குறுக்கிக்கொண்டது தெரிந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சங்கதி இதுதான். ஆகவே ஒரு லிப்பிடில் கிடைத்த முடிவை எல்லாச் சவ்வுக்கும் பொதுவாக்காதீர்கள்.

ஒரு மிரிஸ்டாயில் வால் மட்டும் இருந்தால் பெப்டைடு உறுதியாக ஒட்டிக்கொள்ளும் என்பதும் தவறு. 14 கார்பனின் பிடி பலவீனமானது. மிரிஸ்டாயில் வால் கொண்ட சார்க் என்ற புரதம், லைசின், ஆர்ஜினைன் ஆகிய அமினோ அமிலங்களின் நேர்மின்னூட்டத்தையும் துணைக்கு வைத்துக்கொள்கிறது. மின்னூட்டத்தில் நடுநிலையான பிஓபிசி லிப்பிடில் மட்டும் சோதித்துவிட்டு 'ஒட்டவில்லை' என்று முடித்தால் அநியாயம். எதிர்மின்னூட்டமுள்ள பிஓபிஎஸ் லிப்பிடையும் கலந்து பாருங்கள். பஃபரில் உப்பை அதிகமாகப் போட்டால் அந்தத் துணை அடங்கிப்போகும்.

எல்லா வாலும் ஒன்றல்ல. நேரான 16 கார்பன் வாலான பாமிட்டாயில், சவ்வில் கொலஸ்ட்ரால் நிறைந்த ஒழுங்கான பகுதிக்குள் நன்றாகப் பொருந்தும். கிளைத்த ஃபார்னெசில் வால் பொருந்தாது. இரண்டும் சேர்ந்த என்-ராஸ் பெரும்பாலும் ஒழுங்கான, ஒழுங்கற்ற பகுதிகளின் எல்லையில் போய் நிற்கிறது.

சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் பாமிட்டாயில் தயோஎஸ்டராக (கந்தக அணு வழியே) இணைந்திருந்தால், டிடிடி என்ற ஒடுக்கும் வேதிப்பொருளைப் பழக்கதோஷத்தில் தாராளமாகச் சேர்க்காதீர்கள், வால் அறுபடலாம். ஹைட்ராக்ஸிலமின் நிச்சயம் அறுக்கும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: இவ்வகைப் பெப்டைடு பிளாஸ்டிக் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சவ்வில் சேர்ந்ததாகக் கணக்கிட்டது உண்மையில் எப்பண்டார்ஃப் என்ற அந்தப் பிளாஸ்டிக் குழாயின் சுவரில் இருக்கும். கண்ணாடிக் குப்பி பயன்படுத்துங்கள். லைப்போசோம் இல்லாத ஒரு கன்ட்ரோல் குழாயும் ஓட்டி, கரைசலில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்த பிறகே கணக்குப் போடுங்கள்.